தானே தேர்ந்துகொண்ட வலி

சிங்கப்பூரில் உள்ளதிலேயே உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. 164 மீட்டர்கூட முழுதாக இல்லை. அந்தத் தீவிலிருந்து ஒரு குழு எவரெஸ்ட் ஏறக் கிளம்பியது. மலை இல்லாத குறைக்கு அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளில் முதுகுச் சுமையோடு ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தார்கள். 1998 மே 25 அன்று குழுவைச் சேர்ந்த எட்வின் சியூவும் கூ சுவீ சியாவும் உச்சியைத் தொட்டார்கள். குழுத் தலைவர் டேவிட் லிம் உச்சிவரை போகவில்லை. வெற்றிச் செய்தியோடு எல்லோரும் ஊர் திரும்பினார்கள். ஆரவாரம் அடங்குவதற்குள் லிம்முக்குக் கைகால் விளங்காமல் போனது.

அவரைத் தாக்கியது கில்லன் பாரே நோய். 2025 தொடக்கத்தில் புனேயில் பரவியபோது தமிழ்ப் பத்திரிகைகளில் அடிபட்ட அதே பெயர்தான். கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், ஆள் மாறிப்போய் நரம்புகளின் மேலுறையைத் தாக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் காலில் ஆரம்பித்து மேலே ஏறும். மூச்சுத் தசைகளை எட்டிவிட்டால் வென்டிலேட்டர்தான் கதி. இதில் கொடுமை என்னவென்றால், மூளை தெளிவாகவே இருக்கும். நடப்பதெல்லாம் புரியும், விரலை அசைக்க முடியாது. எட்டாயிரம் மீட்டர் மலையை அளந்து திரும்பிய மனிதர் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்படித்தான் கிடந்தார். மருத்துவமனை வாசம் ஆறு மாதம் நீடித்தது.

நரம்பின் உறை மட்டும் பழுதானால் சில வாரங்களில் சரியாகும். உள்ளே இருக்கும் இழையே பட்டுப்போனால் அது புதிதாக வளர வேண்டும். வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து பாதம் ஒரு மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆயிரம் நாட்கள் ஆகும். எல்லா இழையும் இலக்கைச் சேர்வதும் இல்லை. லிம்மின் கால் பலவீனம் முழுதாகப் போகவே இல்லை. ஆனாலும் அவர் மலைக்குத் திரும்பினார். தென் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான, 6,961 மீட்டர் அகோன்காகுவா உட்பட.

அதே ஊரில் இன்னொருவர், டாக்டர் வில்லியம் டான். இரண்டு வயதில் போலியோ வந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் 1988 சோல் பாராலிம்பிக் போட்டிவரை போனார். 2007இல் ஏழு கண்டங்களிலும் ஏழு மாரத்தான்களை 27 நாட்களுக்குள் முடித்தார். அதே ஆண்டு வட துருவ மாரத்தானையும் பனியில் சக்கரத்தை உருட்டியே கடந்தார். 2009இல் இரத்தப் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலையில். மருத்துவரே நோயாளியானார். சிகிச்சை முடிந்ததும் மறுபடி பந்தயத்துக்கு வந்துவிட்டார்.

உயிர் பிழைத்ததே பெரிது, இனியாவது ஓய்வாக இருக்கலாமே என்றுதான் நமக்குத் தோன்றும். இவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் மன உறுதி. அந்தப் பதிலில் ஒரு குறை இருக்கிறது. மலையேறியும் மாரத்தான் வீரரும் நோய்க்கு முன்பே அசாத்தியர்கள். அவர்கள் கதையைப் படித்துவிட்டு, ‘நமக்கெல்லாம் இது ஆகாது’ என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவது எளிது. அறிவியல் சேர்த்து வைத்திருக்கும் சான்றுகளோ சாதாரண மனிதர்களைப் பற்றியவை. கீமோ முடிந்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அக்காக்களையும், மாரடைப்புக்குப் பின் கடைக்குப் போகப் பயப்படுகிற அண்ணன்மார்களையும் பற்றியவை.

மூன்று வாரப் படுக்கை

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். எழுந்து நடக்கவே கூடாது. மூன்று வாரம் கழித்து அளந்து பார்த்தால், உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அந்த அளவுதான் ஒருவரின் தாங்குதிறனுக்கு நல்ல அளவுகோல். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1996இல், அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். ஐம்பது வயதில், தொப்பையும் தொந்தியுமாக இருந்தார்கள். இருந்தும் முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட இளமையில் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிது என்று தெரிந்தது.

இப்போது ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். அவர் படுப்பது மூன்று வாரமல்ல, பல மாதங்கள். அதோடு மருந்தின் விளைவுகளும் பசியின்மையும் தூக்கமின்மையும் சேர்கின்றன. வீடு திரும்பும்போது நோய் போயிருக்கலாம், ஆனால் உடம்பு பத்து இருபது வயது கூடிவிட்டது. இந்த இரண்டாவது நட்டத்தை நாம் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ‘அந்த வியாதி வந்ததிலிருந்து அவருக்கு முடியல’ என்கிறோம். முடியாமல் போனதில் கணிசமான பங்கு ஓய்வினுடையது.

மருத்துவ உலகமும் இதைத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம்வரை அசையவிடாமல் படுக்க வைப்பதே வழக்கம். 1950களின் தொடக்கத்தில் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறுமனே உட்கார வைத்ததற்கே சக மருத்துவர்களிடமிருந்து எதிர்ப்பு. இருபது ஆண்டுகள் கழித்து, 1973இல், டொராண்டோ மருத்துவர் டெரன்ஸ் கவனா மாரடைப்பிலிருந்து மீண்ட தன் நோயாளிகள் சிலரை அதே பாஸ்டனுக்கு மாரத்தான் ஓட அழைத்துப் போனார். 42 கிலோமீட்டர்! நீண்ட காலம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, கண்காணிப்போடு செய்த காரியம் அது. மருத்துவ இதழிலும் பதிவானது. எல்லா இதய நோயாளிகளும் மாரத்தான் ஓட வேண்டும் என்பதல்ல அவர் நிரூபித்தது. மாரடைப்பு வந்த இதயம் உடைந்த பாண்டம் அல்ல என்பதைத்தான்.

இன்று இதய மறுவாழ்வுப் பயிற்சி உலகெங்கும் சிகிச்சையின் ஓர் அங்கம். 85 பரிசோதனைகளையும் 23,000க்கும் அதிகமான நோயாளிகளையும் தொகுத்து 2021இல் வெளியான காக்ரேன் ஆய்வு, உடற்பயிற்சி சார்ந்த மறுவாழ்வு இதய நோயால் வரும் மரணத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று கண்டது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்கு மாரடைப்பும் நீரிழிவும் அதிகம் என்பது அரசு மருத்துவப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் சொல்லும் செய்தி. ஆக, தேக்கா வட்டாரத்தில் மாலையில் டீ குடிக்க உட்காரும் எந்தக் கூட்டத்துக்கும் இது அந்நியமான விஷயம் இல்லை.

மனைவி ஏறிய டிரெட்மில்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1985இல் நடந்த ஓர் ஆய்வை நம் வீடுகளில் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். உளவியலாளர் ஆல்பர்ட் பந்துராவும் இதய மருத்துவர்களும் சேர்ந்து செய்தது. மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆன ஆண்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். அவர்களின் மனைவியரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு வெளியே காத்திருந்தது. இரண்டாவது குழு கணவர் நடப்பதைப் பார்த்தது. மூன்றாவது குழுவினர் பார்த்ததோடு நிற்காமல், கணவர் தாங்கிய அதே கடின அளவில் தாங்களும் மூன்று நிமிடம் நடந்தார்கள்.

பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வி: ‘உங்கள் கணவரின் இதயம் எவ்வளவு தாங்கும்?’ வெளியே இருந்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் நம்பிக்கை குறைவாகவே இருந்தது. பார்த்தவர்களின் கண்ணில் பட்டது கணவரின் வியர்வையும் மூச்சிரைப்பும்தான். ‘பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார்’ என்ற எண்ணமே மிஞ்சும். தாங்களும் நடந்து பார்த்தவர்களுக்கு மட்டும் நம்பிக்கை மளமளவென்று உயர்ந்து, கணவர்மார் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பீட்டை எட்டியது.

நம் குடும்பங்களில் அன்புக்கு ஒரு வடிவம் உண்டு: ‘நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்.’ தண்ணீர்க் குவளையைக்கூட எடுக்கவிடாத அன்பு. அப்பா மாடியேறினால் அம்மா பதறுவார், மகன் லிஃப்டைக் காட்டுவான். சொல்பவர்களுக்குத் தீய எண்ணம் கிடையாது. ஆனால் நாள் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை ஒரு கண்ணாடிச் சாமானாகவே நினைக்கத் தொடங்கிவிடுகிறார்.

பந்துராவின் கோட்பாட்டில், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை பேச்சால் வளர்வதில்லை; செய்து முடித்த காரியங்களால்தான் வளர்கிறது. நீண்டநேர விளையாட்டுகள் இதற்கு வசதியாக அமைந்தவை. நடையும் ஓட்டமும் துடுப்பும் சைக்கிளும் திறமையைவிடப் பழக்கத்துக்கே அதிகம் பலன் தருபவை. போன வாரம் இரண்டு கிலோமீட்டர், இந்த வாரம் இரண்டரை. கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்கேன் அறிக்கையில் வரும் எண் நோயாளியின் கையில் இல்லை. இந்த எண் இருக்கிறது.

காலாங்கில் துடுப்பு

தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாயோரமாகவே போனால் காலாங் படுகைக்கு வந்துவிடலாம். அங்கே டிராகன் படகுகள் பயிற்சி செய்வதைக் காணலாம். இருபது பேர் இரண்டிரண்டாக அமர்ந்து துடுப்புப் போட, முன்னால் ஒருவர் முரசு அடிக்க, பின்னால் ஒருவர் திசை திருப்புவார். சிங்கப்பூரின் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்துக்கு இப்படி ஓர் அணி உண்டு. அதில் துடுப்புப் போடுகிறவர்கள் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள்.

இந்தக் காட்சி முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவப்படி தடை செய்யப்பட்ட ஒன்று. மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பது உண்டு. எடுத்துவிட்டால் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கக்கூடும். சிலருக்கு அந்த வீக்கம் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். அதனால் அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது, திரும்பத் திரும்ப அசைக்கும் கடின வேலை கூடவே கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். மார்க்கெட் பையைத் தூக்கவும் பேரப்பிள்ளையை இடுப்பில் வைக்கவும் பயந்து வாழ்ந்த பெண்கள் எத்தனை பேர்!

கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்ஸிக்கு அந்த அறிவுரைக்கு ஆதாரம் எங்கே என்ற சந்தேகம். 1996இல் சிகிச்சை முடிந்த 24 பெண்களைச் சேர்த்தார். முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் தசையை வலுவாக்கி, பிறகு டிராகன் படகில் ஏற்றினார். வேண்டுமென்றே அந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார்: கை, தோள், முதுகு எல்லாவற்றையும் ஓயாமல் இழுக்கும் வேலை அது. பருவம் முடிந்தபோது ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. பரிசோதனை முடிந்தது, பெண்கள் படகை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். அங்கிருந்து பரவிய அணிகள் இன்று பல நாடுகளில் உள்ளன. சிங்கப்பூர் அணியும் அந்த வரிசையில் வந்ததுதான்.

24 பேர் சிறிய எண்ணிக்கை என்று யாரும் சொல்லலாம். அமெரிக்க ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து எடை தூக்கும் பயிற்சியைச் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார். எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீக்கம் மோசமாவது பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதம் பேருக்கு நேர்ந்தது, செய்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான். பல்லாண்டுகள் சொல்லப்பட்ட அறிவுரை தலைகீழானது.

மார்பகப் புற்றுநோய்தான் சிங்கப்பூர்ப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய். தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலிருந்து சிகிச்சை முடிந்து சாலையைக் கடந்து காய்கறி வாங்க வருகிற பெண்களில் பலருக்கு ‘பையைத் தூக்காதே’ என்ற பழைய எச்சரிக்கை உறவினர் வாயிலாக இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மருத்துவம் மாறிவிட்டது. சித்தி, பெரியம்மாக்களுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

மருந்துக்கு நிகராக

இதுவரை பேசியது உடல் வலுவையும் மனத் தெம்பையும் பற்றி. 2025 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதற்கும் மேலே போனது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியா நோயாளிகள். ஒரு பாதிக்கு ஆரோக்கியக் கையேடு கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கையேட்டோடு மூன்று ஆண்டு உடற்பயிற்சித் திட்டமும் கூடவே பயிற்றுநரையும் கொடுத்தார்கள். எட்டாம் ஆண்டு முடிவில் கையேட்டுக் குழுவில் 83.2 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்; பயிற்சிக் குழுவில் 90.3 சதவீதம். புற்றுநோய் திரும்புவதும் குறைவு. ஒரு புதிய மாத்திரை இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் விலை எத்தனை ஆயிரம் வெள்ளியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கேட்கப்பட்ட பயிற்சி மாரத்தான் அல்ல. வழக்கமான நடமாட்டத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி முதல் ஒரு மணிநேரம்வரை வேக நடை நடந்தால் திட்டத்தின் இலக்கை எட்டிவிடலாம். விலை இல்லாமலும் இல்லை: தசை, மூட்டு வலி பயிற்சிக் குழுவில் அதிகமாக இருந்தது.

உடற்பயிற்சி எப்படிப் புற்றுநோயைத் தடுக்கிறது என்பது முழுதாக விளங்கவில்லை. சில தடயங்கள் உண்டு. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2016இல் சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளின் கட்டிகள் ஓடாத எலிகளின் கட்டிகளைவிட 60 சதவீதத்துக்கு மேல் சிறியவையாக இருந்தன. ஓட்டத்தின்போது சுரக்கும் அட்ரினலினும், உழைக்கும் தசை வெளிவிடும் இன்டர்லூக்கின்-6 என்ற வேதிப்பொருளும் சேர்ந்து, கொல்லி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களைத் திரட்டிக் கட்டிக்குள் அனுப்பியிருந்தன. எலிக்கு நடப்பது மனிதருக்கும் நடக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் தசை என்பது இழுக்கவும் தூக்கவும் மட்டும் உள்ள சதை என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. அது சுரப்பியும்கூட.

சிகிச்சைக்குப் பின் வரும் சோர்வு இன்னொரு புதிர். தூங்கினாலும் தீராத சோர்வு அது. 113 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அமெரிக்க அலசல், இந்தச் சோர்வுக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் நன்றாக வேலை செய்கின்றன என்று கண்டது. சோர்ந்தவரை எழுந்து நட என்பது கேட்கக் கொடூரமாக இருக்கும். சான்று அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

டேங்க் ரோடு போகும் பாதை

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், ஆயிரக்கணக்கானோர் பால்குடமும் காவடியும் எடுத்துப் போகிறார்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால், நோய் தீர்ந்ததற்கு நேர்த்திக்கடன் என்ற பதிலே அடிக்கடி வரும். தனக்கு வந்த நோயாக இருக்கலாம், பிள்ளைக்கு வந்ததாக இருக்கலாம். வாரக்கணக்கில் விரதம், பிறகு வெறுங்காலில் நடை. நோயிலிருந்து மீண்டவர் தாங்குதிறனைச் சோதிக்கும் ஒரு செயலைத் தானே வலிய ஏற்பது, பதக்கமும் டி-சட்டையும் தரும் மாரத்தான்கள் வருவதற்கு வெகு முன்பே நம்மிடம் இருந்திருக்கிறது.

இதை அறிவியல் சீண்டாமல் விடவில்லை. மானிடவியலாளர் திமித்ரிஸ் ஸிகலாடாஸ் குழுவினர் மொரீஷியஸ் தீவின் தமிழர்களிடையே தைப்பூசக் காவடியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தார்கள். காவடி எடுத்தவர்களின் உடல்நிலையைக் கருவிகள் பொருத்திக் கண்காணித்து 2019இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அலகு குத்தி மணிக்கணக்கில் நடந்தும் உடலுக்குத் தீங்கு தெரியவில்லை, காவடிக்குப் பின் தங்கள் நலம் கூடியதாக அவர்கள் உணர்ந்தார்கள், கடினமான காவடி எடுத்தவர்களுக்கு அந்த உணர்வு இன்னும் அதிகம். உடல்நலக் குறை உள்ளவர்களே கடினமான காவடியைத் தேடி எடுத்தார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விட வியப்பு.

நலம் கூடியதாக உணர்ந்தார்கள் என்பதை நோய் தீர்ந்தது என்று யாரும் படித்துவிடக் கூடாது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பக்தியை ஓர் ஓட்டப் பந்தயமாகச் சுருக்குவதும் தப்பு. ஆனால் ஒரு பொது இழை தெரிகிறது. நோயின் வலி கேட்காமல் வருவது. எப்போது முடியும் என்று தெரியாதது. படுத்த படுக்கையில் தனியாகத் தாங்குவது. காவடிக்காரரும் மாரத்தான்காரரும் ஏற்கும் வலிக்கு நாள் குறித்திருக்கிறது, தூரம் அளந்திருக்கிறது, கூட வருகிறவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, அதைத் தேர்ந்தவர் அவரே. வலி தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நம்பும்போது மூளை அதை வேறுவிதமாகக் கையாள்கிறது என்பதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. வாழ்வதற்கு ஒரு பிடிப்புக் கிடைத்தது என்று நோயிலிருந்து மீண்டவர்கள் சொல்வதன் அடியில் இருப்பது இதுவாக இருக்கலாம்.

அந்தப் பிடிப்பை மற்றவர்களுக்கான காரியமாக மாற்றியவர்களும் உண்டு. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார், ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட. நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தி, மறு ஆண்டு 22 வயதில் இறந்தார். தமிழ்நாட்டில் மா. சுப்பிரமணியன் 2004இல் விபத்தில் முழங்கால் கடுமையாக அடிபட்டவர், நீரிழிவும் உள்ளவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். 2021இல் அவர் மாநில சுகாதார அமைச்சரானது பிந்தைய செய்தி.

எல்லோருக்கும் அல்ல

இந்தக் கதைகளில் ஒரு பொறியும் இருக்கிறது. விந்தகப் புற்றுநோயிலிருந்து மீண்டு டூர் டி பிரான்ஸை ஏழு முறை வென்ற லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கை உலகமே கொண்டாடியது. ஊக்கமருந்து அம்பலமாகி 2012இல் ஏழு பட்டங்களும் பறிபோயின. புற்றுநோயை வென்றது உண்மை. பந்தயத்தை வென்ற விதம் பொய். மீண்டு வந்தவர் என்றாலே மாவீரராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, மீள முடியாமல் தவிப்பவர் மீதும் கல்லெறிகிறது. நோய் திரும்பிய ஒருவர் போதிய மன உறுதி இல்லாதவர் அல்ல. டெர்ரி ஃபாக்ஸிடம் எந்த உறுதி குறைவாக இருந்தது?

உடலளவிலும் எச்சரிக்கை வேண்டும். புற்றுநோய்க்குத் தரும் டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். அதைச் சோதிக்காமல் ஓடக் கூடாது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் இருந்தால் குதிப்பதும் ஓடுவதும் எலும்பை முறிக்கலாம். சில கிருமித் தொற்றுகளுக்குப் பின் வரும் நாட்பட்ட களைப்பு நோயில், கொஞ்சம் முயன்றாலும் மறுநாள் படுக்கையில் தள்ளிவிடும். இந்த நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2021இல் கைவிட்டது. நீண்ட கோவிட் உள்ளவர்களிலும் இப்படிப்பட்டோர் உண்டு. அவர்களிடம் போய் ‘எழுந்து ஓடுங்கள்’ என்பது அறிவியல் அல்ல.

சிங்கப்பூரின் வெயிலும் ஈரப்பதமும் தனிக் கணக்கு. வியர்வை கொட்டும், உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆண்டிறுதியில் நடக்கும் சிங்கப்பூர் மாரத்தானை விடியுமுன்பே தொடங்கிவிடுவது இதனால்தான். சிகிச்சை முடித்தவர்கள் காலை ஏழு மணிக்கு முன்போ இருட்டிய பிறகோ நடப்பது நல்லது. மழை நாளில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளமும் போதும்.

எவ்வளவு என்பதற்கும் விடை தயார். உலகளாவிய நிபுணர் குழு ஒன்று 2019இல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சொன்னது: வாரம் மூன்று நாள், அரை மணிநேரம் மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் நடை அல்லது சைக்கிள், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. அதிலிருந்து பத்து கிலோமீட்டரும் டிராகன் படகும் அகோன்காகுவாவும் அவரவர் விருப்பம். சிங்கப்பூரில் 2023இல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் 40 வயது கடந்தவர்கள் தங்களுக்கென ஒரு குடும்ப மருத்துவரைப் பதிந்துகொண்டு, உடற்பயிற்சியும் சேர்ந்த சுகாதாரத் திட்டம் பெறலாம். அந்த மருத்துவரிடம் நம்மில் பலர் கேட்பது, ‘டாக்டர், நான் எதையெல்லாம் செய்யக் கூடாது?’ அடுத்த முறை போகும்போது இதையும் கேளுங்கள்: ‘வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நிமிடம், எந்த வேகத்தில்?’ மருந்தின் அளவைப் போலவே அதையும் எழுதி வாங்குங்கள். வீடு திரும்பியதும் ஒருவரை உங்களோடு நடக்க அழையுங்கள். உங்களை நாற்காலியில் உட்கார வைக்கப் பார்ப்பவர் யாரோ அவரையே.